தூரத்தை மறுத்த லென்ஸ்

மொந்தெவிதேயோ நகரத்தில் பல்செட் செய்து கொடுப்பது ஜுல்மா அர்ரியேத்தாவின் தொழில். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு, முகமே பார்க்காத மனிதர்களுக்குப் பல் கட்டுவாள். ஒரு பல் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று தெரியும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. குளிர்காலம் பிறந்தால் பஸ் ஏறி லா பலோமாவுக்குப் போய்விடுவாள். அங்கே கரையோரம் திமிங்கிலங்கள் வரும். ஆனால் அவள் கேமராவில் அவை கடுகளவுதான் விழும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய கதவுக் கைப்பிடிகளுக்கு நடுவே கிடந்த அந்த நீளமான பழைய லென்ஸை வாங்கினாள். கண்ணாடியில் பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. மறுநாள் மாலை கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய், தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களைப் பார்த்தாள். எல்லாமே பாலில் ஊறிய ரொட்டிபோலக் குழைந்து தெரிந்தன.

அவள் கணவன் தபாரே டாக்ஸி ஓட்டுபவன். பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"லென்ஸ மாத்துறதுக்கு முன்னாடி உன் மூக்குக் கண்ணாடிய மாத்து," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், அவனையும் பார்க்கச் சொன்னாள். அவனுக்கும் அப்படியேதான் தெரிந்தது. காற்றில் கை ஆடியிருக்கும் என்றான். காற்றில்லாத காலையில், வீட்டு மாடியில் முக்காலியில் பொருத்திப் பார்த்தாள். அடுத்த தெருக் கொடியில் காய்ந்த சட்டையின் தையல் எண்ணும்படித் தெரிந்தது. அதற்கப்பால் இருந்த மாதாகோயில் கோபுரம் மட்டும் கலங்கலாகவே இருந்தது. கேமராவோடு லென்ஸை இணைக்கும் வளையம் தடிமனாக இருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், தோழியிடம் வேறொன்று வாங்கி மாட்டினாள். மாற்றமில்லை.

பிறகுதான் கவனித்தாள். பிம்பத்தைத் தெளிவாக்கத் திருப்பும் குவியத் திருகு, தூரத்துக்கான குறியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. பழைய மசகு இறுகியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து நிற்க வேண்டும். இது சட்டென்று, உலோகத்தில் உலோகம் இடித்து நின்றது. ரப்பர்ப் பட்டையை உரித்தாள். உள்ளே கறுத்த எஃகுத் திருகாணிகளுக்கு நடுவே ஒரே ஒரு பித்தளை ஆணி. யாரோ துளை போட்டு, அளவெடுத்துப் பதித்திருந்தார்கள்.

"கழட்டி எறிஞ்சிட்டா வேலை முடிஞ்சுது," என்றான் தபாரே.

"இவ்வளவு சுத்தமா ஒருத்தன் ஆணி அடிச்சிருக்கான். எதுக்குன்னு தெரியாம கழட்ட மாட்டேன்."

திமிங்கிலத்தை விட்டுவிட்டு இப்போது ஆணியைத் துரத்துகிறாள் என்று அவன் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு சந்தைக்காரனைப் பிடித்தாள். மரோஞாஸ் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்று அவன் இடத்தைச் சொன்னான். அந்த வீட்டுக்காரர் எலாதியோ, மகள் வீட்டுக்கு மாறியிருந்தார். ஒருகாலத்தில் குதிரைப் பந்தயத்தின் முடிவைப் படம் எடுத்தவர். எந்தக் குதிரையின் மூக்கு முந்தியது என்பதற்கு அவர் படம்தான் சாட்சி. அவள் அங்கே தேடிப்போய் லென்ஸை நீட்டியதும், பார்க்காமலே விரலால் ஆணி இருந்த இடத்தைத் தடவினார்.

"குதிரை வர்ற நேரத்துல கை தேடிக்கிட்டு நிக்க முடியுமா? கடைசி வரைக்கும் திருப்புவேன், நிக்கும். நான் நிக்கிற கூரைமேலருந்து பாத்தா, பந்தயம் முடியிற கோடு அங்கதான் தெளிவா விழும்."

திமிங்கிலத்துக்காக அதை எடுத்துவிடலாமா என்று அவள் தயங்கிக் கேட்டாள்.

"திமிங்கிலம் எந்தக் கோட்டுல வந்து நிக்கப்போவுது? எடு," என்றார். பிறகு, கோட்டுக்கு அப்பால் அந்த லென்ஸ் எதையும் பார்த்ததில்லை என்றும், தானும் திமிங்கிலத்தைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

அவர் மேசையிலேயே ஆணியைக் கழற்றினாள். வீடு திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தபோது இன்னொரு குழப்பம். முழுதாகத் திருப்பினால் மறுபடி கலங்கியது. சற்றுப் பின்னுக்கு இழுத்தால் கல்லின் விரிசல்கூடத் தெரிந்தது. காலையிலும் உச்சிவெயிலிலும் சோதித்தாள். தெளிவு விழும் இடம் வெயிலில் மயிரிழை நகர்ந்திருந்தது. உலோகம் சூட்டில் நீளும் என்றுதான் லென்ஸைச் செய்தவர்களே தூரக் குறிக்கு அப்பாலும் திருகு நகரக் கொஞ்சம் இடம் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அங்கே குளிர்காலமான ஆகஸ்டில், எலாதியோவையும் ஏற்றிக்கொண்டு மூவரும் தபாரேயின் டாக்ஸியில் லா பலோமா போனார்கள். பாறைமேல் முக்காலியை நிறுத்தினாள். வெகுநேரம் வெறும் அலைதான். பிறகு கலங்கரை விளக்குக்கு நேரே கரிய முதுகொன்று எழுந்தது. மூச்சு இரண்டு கிளையாகப் பீறிட்டது. அவள் எடுத்த படத்தில் தலைமேல் ஒட்டியிருந்த வெள்ளைத் திட்டுகள் தனித்தனியாக விழுந்திருந்தன.

எலாதியோவை அழைத்தாள். அவர் குனிந்து கண்ணை வைத்தார். திமிங்கிலம் முங்கியது, சற்றுத் தள்ளி எழுந்தது. அவர் கை திருகோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றான் தபாரே.

"சும்மா இரு, தம்பி. இது நேரா ஓட மாட்டேங்குது," என்றார், கண்ணை எடுக்காமல்.