வெள்ளைக்கல் குழி ஏரியில் மூன்று சுற்று

நாமக்கல்லிலிருந்து ஒரே காலையில் போய்த் திரும்பக்கூடிய, கூட்டமில்லாத, நிதானமாகச் சைக்கிள் ஓட்டத் தோதான இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக இதை எழுத உட்கார்ந்தேன். இடம் இருக்கிறது. ஆனால் அன்று அங்கே நடந்ததை விட்டுவிட்டு தூரத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதப் பார்த்து, இரண்டு முறை எழுதியதை அழித்துவிட்டேன். அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் ஏன் போனோம் என்பது. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் கோழித்தீவன ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு. அப்பாவைப் பார்த்துக்கொள்வது முழுக்க என் மனைவி சுமதி. பொங்கல் முடிந்த வாரம் என் தங்கை விஜயா கரூரிலிருந்து இரண்டு நாள் தங்க வந்தாள். "அண்ணி, நீங்க எங்கியாச்சும் போயிட்டு வாங்க. அப்பா கூப்பிடற குரல் கேக்காத எடமாப் பாத்துப் போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கே போகலாம் என்று சுமதியைக் கேட்டபோது கோயில் எதையாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள், "சைக்கிள் ஓட்டணும்" என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் சைக்கிளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆலையில் லோடு ஏற்ற வரும் ஓட்டுநர் ஒருவர்தான் இந்த ஏரியைப் பற்றிச் சொல்லியிருந்தார். வெண்ணந்தூரிலிருந்து ஆட்டையாம்பட்டி போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் தள்ளி, இடப்பக்கம் மண்பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. ஒரு காலத்தில் வெள்ளைக்கல் வெட்டி எடுத்த திறந்தவெளிச் சுரங்கம். வெட்டுவதை நிறுத்திய பிறகு ஊற்றும் மழையுமாக நிரம்பி ஏரியாகிவிட்டது. கைப்பேசியின் வரைபடத்தில் அந்த இடத்தில் தண்ணீரே கிடையாது, வெறும் தரை என்றுதான் காட்டுகிறது. இதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

சைக்கிள்களைப் பேருந்தில் ஏற்ற முடியாது. எங்கள் தெருவில் குட்டி டெம்போ வைத்திருக்கும் முருகேசனைப் பேசிக்கொண்டோம். போய்வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிள் இரண்டையும் இரவல் வாங்கி, பின்னால் கயிறு போட்டுக் கட்டினோம். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம்.

"ஏனுங்கண்ணா, அந்தக் குழிக்கா? மீன் வாங்கறதுன்னா பஜார்லயே வாங்கலாமுங்களே" என்றார் முருகேசன்.

"மீனுக்கு இல்ல. சைக்கிள் ஓட்ட."

"அதுக்கு இங்கிருந்து அவ்வளவு தூரமுங்களா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, போலாமுங்க" என்றார்.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வரை நல்ல சாலை. அதற்கு மேல் வெண்ணந்தூரைத் தாண்டியதும் வழி கேட்க ஆரம்பித்தோம். ஏரி என்று கேட்டால் வேறு ஏரிக்கு வழி சொன்னார்கள். குழி என்றால் எந்தக் குழி என்றார்கள். ஒருவர் கல்லுக்குழி என்றார், இன்னொருவர் வெள்ளக்குழி என்றார், இரண்டும் ஒன்றா என்றால் இருவருக்கும் தெரியவில்லை. ஒரு வழியாக ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சுற்றிலும் சோளத்தட்டு அறுத்த காடு, மரவள்ளிக் கொல்லை, அதற்கு நடுவில் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்த கரைகள், கீழே பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். கரையில் தகரப் பலகை ஒன்று. துருப்பிடித்து 'எச்சரிக்கை' என்ற சொல் மட்டும் மிச்சமிருந்தது. எதைப் பற்றிய எச்சரிக்கை என்பது உதிர்ந்துபோயிருந்தது. ஆழம் எவ்வளவு என்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். எண்பது அடி என்றார். முருகேசன் இருநூறு அடி என்று கேள்விப்பட்டிருந்தார்.

கரையைச் சுற்றி லாரி போன பழைய பாதை இருக்கிறது. ஒரு சுற்று மூன்று கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர் (கைப்பேசி அளந்தது). சுமதி சைக்கிளில் ஏறி, நாலைந்து முறை தடுமாறி, பிறகு நேராக ஓட்டினாள்.

"நீங்க அந்தப் பக்கமாப் போங்க. நான் இந்தப் பக்கமாப் போறேன். எதுத்தாப்புல பாத்துக்கலாம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் தோன்றியது. வட்டமான பாதையில் இருவர் எதிரெதிராகப் போனால் எங்காவது ஒரு இடத்தில் சந்தித்தே ஆக வேண்டும். ஆறு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினோம்.

நான் மெதுவாகவே ஓட்டினேன். நீர்க்காகங்கள் பாறையில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நிறுத்தி இரண்டு படம் எடுத்தேன். ஏழு பத்துக்கு ஏறக்குறையப் பாதிச் சுற்று வந்திருந்தேன். சுமதியைக் காணோம். தடுமாறித் தடுமாறி வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து மேலே போனேன். முக்கால் சுற்று. காணோம். ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டேன். டெம்போவில் சாய்ந்து நின்ற முருகேசன், "அக்கா எங்கீங்க?" என்று என்னையே கேட்டார்.

ஒரே பாதை. அவள் அந்தப் பக்கம் போனாள், நான் இந்தப் பக்கம் வந்தேன். நடுவில் யாரும் இல்லை. இது எப்படி நடக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. கைப்பேசியில் அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் கிளம்பும்போது அவள்தான் இரண்டு கைப்பேசியையும் சார்ஜ் போட்டு எடுத்து வைத்திருந்தாள்.

இந்த முறை அவள் போன பக்கமாகவே வேகமாகப் போனேன். ஒரு திருப்பத்தில் ஜல்லியில் சறுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. எழுந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதிர்க்கரைப் பாறையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும், சரிவு தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு ஜோடி நீலச் செருப்பும், மடித்து வைத்த ஒரு துண்டும் கிடந்தன. பெண்கள் போடும் செருப்பு. பக்கத்தில் யாருமில்லை. தண்ணீர் அசையாமல் இருந்தது.

அங்கே நின்றபடி நான் யோசித்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அது சுமதியின் செருப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் அவள் என்ன செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. முருகேசனைக் கைப்பேசியில் அழைத்து, வரச் சொன்னேன். அவர் ஓடி வந்து, முதலில் கேட்டது இதுதான்: "அக்கா என்ன கலர் துணி போட்டிருந்தாங்க?"

"பச்சை" என்றேன். பிறகு, "மஞ்சளா இருக்கும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஊதாச் சுடிதாருங்கண்ணா. நான் வண்டியில ஏறும்போது பாத்தனுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்குள் ஆட்டுக்கார அம்மா எங்கள் சத்தம் கேட்டு மேட்டின் மேல் வந்து நின்றார். செருப்பைக் காட்டினேன்.

"அது ராணியோட செருப்பு சாமி. புருசனும் பொண்டாட்டியும் வலை எடுக்கப் போயிருக்கறாங்க. பாருங்க, அங்க மெதக்கறாங்க" என்று கை நீட்டினார். தூரத்தில் தெர்மகோல் மிதவையில் இருவர் புள்ளியாகத் தெரிந்தார்கள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கூட்டுக்காரம்மாதானே, சைக்கிள்ல வந்தது? நடுக்கரையில போனாங்களே."

நடுக்கரை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. உள்ளபடி அது ஒரு குழி அல்ல, பெரியதும் சிறியதுமாக இரண்டு குழிகள். வெட்டாமல் விட்ட ஒரு பாறை வரப்பு நடுவே போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வேலிக்காத்தான் முள் மறைத்துக்கொள்கிறது. நான் வெளிப்பாதையிலேயே சுற்றினேன்; அவள் பாதை பிரியும் இடத்தில் நடுவே திரும்பிவிட்டாள்.

முருகேசனும் நானும் போனோம். வரப்பின் கடைசியில், சுரங்கத் தண்ணீரை இறைத்த மோட்டார் நின்றிருந்த சிமெண்ட் மேடை. அதன் மேல் சுமதி கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. மணி எட்டு இருபது. முருகேசன் அவளைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் வண்டிகிட்ட இருக்கறனுங்க" என்று திரும்பிப் போனார். அந்த மனிதரின் பக்குவத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கோபத்தோடுதான் போனேன். கிட்டே போனபோது அது கோபமா அழுகையா என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

"நான் ரெண்டு சுத்து சுத்திட்டேன்" என்றேன்.

"பாத்தேங்க. முள்ளுச் சந்துல தெரிஞ்சுது."

"கூப்பிட்டேனே. காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். ஒன்றரை வருசமா யாரு கூப்பிட்டாலும் எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டிருக்கறேன். ராத்திரி மாமா இருமுனாக்கூட எந்திரிச்சிருவேன். இன்னிக்கு நீங்க கூப்பிடறீங்க, காது கேக்குது, ஒடம்பு எந்திரிக்க மாட்டேங்குது. செத்த நேரம், செத்த நேரம்னு இருந்துட்டேன். போனையும் நாந்தான் அணைச்சேன்."

பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். "ஐயோ, ரத்தமுங்க" என்று இறங்கி வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவும்போது அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அவள் எதற்கு அழுதாள் என்றோ, நான் எதற்கு அழுதேன் என்றோ சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள்மேல் தப்பா என் மேல் தப்பா என்பதும் இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை.

உடனே கிளம்பிவிடலாம் என்றேன். அவள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றிவிட்டு வருவோம் என்றாள். மூன்றாம் சுற்றைச் சேர்ந்தே போனோம். நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. வெண்ணந்தூரில் இட்லி சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலம் முடிந்த தை, மாசி நல்லது, சித்திரையில் வெள்ளைக் கரையில் பட்டு வரும் வெயிலில் கண் திறக்க முடியாது. காலை ஆறரைக்குள் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். கடை எதுவும் இல்லை. குடிதண்ணீர் கொண்டு போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். கரை படிப்படியாக இறங்காமல் ஒரேயடியாகச் செங்குத்தாக இறங்குகிறது. மேற்குப் பக்கம் ஜல்லி அதிகம், மெல்லிய டயர் சறுக்கும். உள்ளே போக அனுமதி வேண்டுமா என்று நான்கு பேரைக் கேட்டேன், நான்கு விதமாகச் சொன்னார்கள்; போகும் அன்று பக்கத்து ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போனால், பிரிவதற்கு முன் பாதை எங்கே கிளை பிரிகிறது என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்பதற்கு சுமதிதான் பதில் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு முருகேசன் வண்டியில் அவள் போய்வருகிறாள். போகலாம், ஆட்டுக்கார அம்மா இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள் என்கிறாள். அந்த ஞாயிறுகளில் அப்பாவோடு நான் இருக்கிறேன். முதல் முறை அவருக்குக் கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரம் ஆனது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தாள். சுடிதார் ஓரமெல்லாம் வெள்ளைத் தூசி. இவ்வளவு நேரம் அங்கே என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா சுத்துனேன்" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.