சொண்டு தடிப்போ, மெல்லிசோ?

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதுவதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். செத்தவீட்டில் உங்களில் பலர் என் கையைப் பிடித்து, "கடைசிமட்டும் கூட வைச்சுப் பாத்தனி, உனக்கு ஒரு குறையும் வராது" என்றீர்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. அதைத் திருப்பித் தருவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கைதடியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நானும், இப்போது பாரிஸில் இருக்கும் தம்பியும். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் இடப்பெயர்வுகள் படிப்பை முடிக்க விடவில்லை. அத்தானைக் கைப்பிடித்து லண்டன் போனார். அங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவர் ஒருநாளும் எங்களிடம் சொல்லி அழுததில்லை.

லண்டனில்தான் பறவைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் படிக்கலாம் என்று பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினார். அது வீட்டுத் தோட்டத்துக்கு வரும் சின்னப் பறவைகளைப் பற்றிய படப் புத்தகம். வங்கியில் பேசுவதற்கு ஆங்கிலம் வருமுன்பே அலகுக்கும் இறக்கைக் கோட்டுக்கும் வால் இறகுக்கும் அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. அத்தான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மண்ணிறமாக எது வந்தாலும் நாங்கள் குருவி என்று விட்டுவிடுவோம். அக்கா விடமாட்டார். அங்கே டன்னொக் என்று ஒரு பறவை உண்டு. சும்மா பார்த்தால் ஊர்க்குருவியேதான். கழுத்து சாம்பல் நிறம், அலகு, எங்கள் பேச்சில் சொண்டு, ஊசிபோல் மெல்லியது. விதை போட்டுத் தொங்கவிடும் தீனிக்கூட்டுக்கு ஏறாது. மற்றவை சிந்துவதை வேலிக்குக் கீழே நின்று பொறுக்கும். அதைக் குருவியிலிருந்து பிரித்து அறிய ஒரு வருடம் பிடித்தது என்று பெருமையாகச் சொல்வார். அதுதான் அவருடைய செல்லம்.

அத்தானுக்கு இங்கே வேலை கிடைக்க, இருவரும் ரொறன்ரோ வந்து மல்வேர்ன் பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு ரவுன்ஹவுஸில் வாடகைக்கு இருந்தார்கள். பின்னால் இரண்டு பாய் விரிக்குமளவு புல். அத்தான் காலமான பிறகும் அக்கா அந்த வீட்டை விடவில்லை. தீனிக்கூட்டில் சூரியகாந்தி விதை போட்டுவிட்டு யன்னலடியில் தேநீரோடு இருப்பார். வருவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவார். சிக்கடீ என்ற குருவிக்கு அவர் வைத்த பெயர் கறுத்த தொப்பிக்காரன். ஜங்கோ என்ற குருவி, வெள்ளைப் பாவாடைக்காரி.

நானோ எங்கே போனாலும் காலில் சுடுதண்ணி ஊற்றியவன்போல நிற்பவன். சென்ற ஆண்டு பனி கரைந்த நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடும் மகளோடும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னொரு வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, இஞ்சை வாவன். வேலிக்குக் கீழ ஒண்டு நிண்டு பொறுக்குது. லண்டன் வீட்டில வாற டன்னொக்தான் எண்டு நினைச்சன்..."

"அக்கா, இது லண்டன் இல்லை, ரொறன்ரோ" என்று இடையில் வெட்டினேன்.

மகள் உடனே ஃபோனில் தேடிப் பார்த்தாள். "டாட், டன்னொக் இஸ் நொட் ஈவன் ஹியர். யூரோப்லதான் இருக்காம்."

காரில் போகும்போது மனைவியிடம், "அக்காவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கிட்டுது" என்றேன்.

"ஒரு குருவியை மாறிச் சொன்னதுக்கோ?" என்று அவர் கேட்டார். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே அடையாளமாகத் தெரிந்தது. ஒருநாள் அக்கா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டார். எங்கள் வீட்டில் மாதம் இரண்டு தரம் நான் விடுவதுதான். டொக்டரிடம் கூட்டிப்போனேன். நாள், கிழமை, பிரதமர் பெயர் எல்லாம் அக்கா பிசகில்லாமல் சொன்னார். டொக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. அக்காவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, "இந்த நாட்டில் இல்லாத பறவைகள் இவருக்குத் தெரிகின்றன" என்று டொக்டரிடம் கோள் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாரிஸ் தம்பியிடம் ஃபோனில் கதைத்தேன். "அண்ணா, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்றான். அக்காவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. உண்மைக் காரணத்தை நான் சொல்லவும் இல்லை. மல்வேர்னுக்கு ஓடித்திரிய ஏலாது, என்னோடு வந்து இருங்கோ என்றேன். அக்கா "உனக்கு அலைச்சல் எண்டால் வாறன்" என்றார். தனக்காக அல்ல, என் அலைச்சலுக்காகத்தான் அவர் அந்த வீட்டை விட்டார். ஒரே சனிக்கிழமையில் சாமான்களை ஏற்றி முடித்தோம். அக்காவைத் தன்னோடு கூட்டிப்போகிறான் என்று அன்றும் என்னைப் பாராட்டினீர்கள். அது எனக்கு இனித்தது.

எங்கள் வீடு பதினேழாம் மாடி. பால்கனியில் தீனி வைக்கக் கட்டடத்தில் அனுமதி இல்லை. சின்னப் பறவை எதுவும் அவ்வளவு உயரத்துக்கு வருவதுமில்லை. அக்கா தீனிக்கூட்டைப் பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அவருடைய அறையில் ஃபோன் அடிக்கும். "சொண்டு தடிப்போ, மெல்லிசோ?" என்று அக்கா கேட்பது எனக்குக் கேட்கும். அதற்கு மேல் கேட்கப் பொறுக்காமல் அறைக் கதவை மெல்லச் சாத்திவிடுவேன். நினைவு தடுமாறி உளறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, யாரோ அவருடைய மனக்கோளாறுக்கு ஒத்து ஊதுகிறார்கள் என்று கோபப்பட்டேன்.

ஏழு மாதம் அப்படியே போனது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, தேநீர் குடித்த கதிரையிலேயே, ஒரு சொல்லும் சொல்லாமல் அக்கா போய்விட்டார். இருதயம் என்றார்கள்.

செத்தவீட்டில் செல்வி என்னிடம் வந்து, "அண்ணை, அக்கா ஒருநாளும் பிழை விடேல்லை தெரியுமோ?" என்றார். என்ன பிழை என்று கேட்டேன். "நான் என்ரை யன்னலடியில நிண்டு ஃபோனில நிறத்தையும் சொண்டையும் சொல்லுவன். அக்கா உங்கடை வீட்டிலயிருந்து கேள்வி கேட்டுக் கேட்டு என்ன பறவை எண்டு கண்டுபிடிப்பா. போன கிழமைகூடச் சரியாச் சொன்னவ."

நான் வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் தேடி எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அக்காவின் உருண்டை எழுத்து: "வேலிக்குக் கீழே ஒன்று. முதலில் டன்னொக் என்று நினைத்தேன். கனடாவில் டன்னொக் இல்லை. வடிவாகப் பார்த்தால் அலகு தடிப்பு. நெஞ்செல்லாம் கோடு, நடுவில் ஒரு பொட்டு. இந்த நாட்டுச் சோங் ஸ்பரோ. தம்பிக்குக் காட்ட நினைத்தேன். இன்று அவசரமாகப் போய்விட்டான்."

அக்காவுக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை. அவர் ஒரு வசனத்தை முடிக்கும்வரை நான் பொறுத்திருந்தால், அவர் தன் யன்னலடியிலேயே இருந்திருப்பார். என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா. உங்களிடம் நேரே சொல்லியிருக்கவேண்டியதை எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

அக்காவின் இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், கொட்டும் பனியில் ஒஷாவாவிலிருந்தும் றிச்மண்ட் ஹில்லிலிருந்தும் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கும், எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குச் சமைத்துத் தந்த பெண்களுக்கும், குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வரமுடியாமல் ஃபோனில் அழுதவர்களுக்கும் நன்றி. எல்லாருக்கும் மேலாகச் செல்விக்கு. அக்காவைக் கடைசிமட்டும் பார்த்தவர் அவர்தான். நீங்கள் எனக்குத் தந்த பாராட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அக்காவின் ஃபோனை நான் இன்னும் நிறுத்தவில்லை. போன செவ்வாய் காலை ஏழு மணிக்கு அது அடித்தது. செல்வி.

"ஐயோ அண்ணை, பழக்கத்தில அடிச்சிட்டன். கூட்டுக்குக் கீழ புதுசா ஒண்டு நிக்குது, அதுதான்..."

வைத்துவிடப் போனார். "பொறுங்கோ செல்வி" என்றேன். "சொண்டு தடிப்போ, மெல்லிசோ?"

"மெல்லிசு, அண்ணை" என்றார். "இன்னும் நிக்குது. அடுத்ததைக் கேளுங்கோ."

அக்காவின் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஏழு மாதமும் அவர் அதைக் கேட்குமுன் நான் கதவைச் சாத்திவிடுவேன்.