என் கணினியில் கெட்டுப்போன மீன்கள்

முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தலைக்கவசம்தான். உள்ளே இரண்டு சின்னத் திரைகள், பின்னால் மாட்டு வால் போலத் தொங்கும் கம்பிக் கற்றை. கனம் தாங்காதென்று அதை மின்விசிறிக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். தோளைச் சரிசெய்துகொள்ள வந்தவர் கழுத்து வலியோடு வீடு போனால் யாருக்கு நல்லது? இன்று மூக்குக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு போகிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், அடையாற்றில் ஓர் உடலியக்கச் சிகிச்சை மையத்துக்காக நான் கணினி விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கவசத்தை மாட்டினால் எதிரே ஓர் உலகம் தெரியும். நிஜக் கை அசைந்தால் அந்த உலகத்திலும் ஒரு கை அசையும். பயிற்சி என்று தெரியாமலே பயிற்சி செய்ய வைப்பது என் உத்தியோகம்.

எங்கள் முதல் நோயாளி நொச்சிக்குப்பத்து மீன்கார அக்கா. வழுக்கி விழுந்து வலத் தோள் எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் மார்புக்கு மேலே ஏற மறுத்தது. கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றவர், இப்போது மருமகளின் கடையில் உட்கார்ந்திருந்தார். "கூடையத் தலைக்கு ஏத்தணும் டாக்டரம்மா. அதுவரிக்கும் அவ சொன்ன வெலைக்குத் தலையாட்டிக்கினு குந்திக்கினு கீறேன்," என்று பிசியோதெரபி மேடத்திடம் முதல் நாளே சொல்லிவிட்டார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருக்காகவே ஒரு மீன் சந்தையை உருவாக்கினேன். மேசை மேலிருக்கும் மீனை எடுத்துக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். கவசத்தை மாட்டினோம். அக்கா இடமும் வலமும் பார்த்தார். கை அசையவில்லை. மேடம் கெஞ்சினார், நான் கம்பிகளைச் சரிபார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. "இன்னா கண்ணு, எல்லாம் கெட்டுப்போன மீனு. செவுளு வெளுத்துப் போய் கீது. இத்தப் போயி நான் தொடுவனா?"

குற்றம் என்னுடையதுதான். மயிலாப்பூரில் முருங்கைக்காய் சாம்பாரில் வளர்ந்தவன் நான். பள்ளி விலங்கியல் புத்தகத்தைப் பார்த்து மீன் வரைந்திருந்தேன். அதில் எல்லாமே கறுப்பு வெள்ளை. மறுநாள் காலை நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் போய், நோட்டும் கையுமாக ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்தேன். வாங்காமல் தூக்கிப் பார்ப்பவனை அங்கே என்னென்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. வீட்டில் என் மேசை மேலிருந்த படங்களைப் பார்த்த அம்மா, "மச்சாவதாரம் போட்டுண்டிருக்கியா? சமத்து!" என்றாள். நான் சிவப்புப் பென்சிலைத் தேடினேன்.

செவுள் சிவந்ததும் அக்காவின் கை நகர்ந்தது. ஆனால் மார்பளவோடு நின்றது. தோளுக்கு மேலே போனால்தான் தேறும் என்றார் மேடம். மீன்களை உயரே கட்டித் தொங்கவிட்டேன். "மேல இன்னாத்துக்குத் தொங்குது? கருவாடா?" என்று கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. "வுட்டுடு கண்ணு. இனிமே மருமவதான் மொதலாளி," என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சந்தை வெறிச்சென்று இருக்கிறதே என்று, அழகுக்காக ஒரு காக்கையைச் சேர்த்தேன். அது தலைக்கு மேலே வட்டமடித்து மீன் பக்கம் இறங்கியதுதான் தாமதம். "ச்சூ! போ அந்தாண்ட, கய்தே!" அக்காவின் வலக் கை விருட்டென்று மேலே எழுந்து வீசியது. கோணம் அளக்கும் கருவியோடு நின்ற மேடம் அளக்க மறந்து நின்றார். அப்புறம்தான் அக்கா "அம்மாடி!" என்று தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றோடு மீன் எடுக்கும் வேலையை ரத்து செய்தேன். காக்கைகள் மட்டும்தான், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் உயரத்தில்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, அக்கா கவசத்தைத் தொடவே இல்லை. நிஜக் கூடையோடு வந்திருந்தார், நிறைய சங்கரா மீன். தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு குனிந்தார். கூடை இடுப்புக்கு வந்து, மார்புக்கு வந்து, அங்கே நின்றது. நான் பாய்ந்து கை கொடுத்தேன்.

"கைய எடு கண்ணு."

எடுத்தேன். கூடை தலைக்கு ஏறியது. மீன் தண்ணீர் என் கணினி மேல் சொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா, நாத்தம் தாங்கலியா?"

"ஆமாக்கா," என்றேன்.