டைவிங்கை விட்டுக் கோல் காக்க வந்தது

நான் கல்லூரியில் படித்தபோது திருச்சியில் போட்டிக்கு நீந்திய பெண்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் எங்கள் பயிற்சியாளர் மேடம் எல்லோரையும் எல்லாவற்றிலும் இறக்கிவிடுவார். காலையில் நீச்சல், பிறகு டைவிங், சாயங்காலம் வாட்டர் போலோ. "மூணையும் கத்துக்கங்க. எதுல ஆள் குறையுதோ அதுல நிக்கலாம்" என்பார்.

எனக்கு டைவிங்தான் உயிர். பலகையை உதைத்து மேலே எழும்பிவிட்டால் யாரும் என்னைத் தொட முடியாது. நீந்திக்கொண்டே பந்தை வலைக்குள் எறியும் வாட்டர் போலோ பிடிக்கவே பிடிக்காது. தண்ணீருக்கடியில் உதைப்பார்கள், நீச்சலுடையைப் பிடித்து இழுப்பார்கள்.

மாநிலப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலை, அந்தரத்தில் உடம்பைத் திருப்பும்போது தடுமாறி இடது பக்கமாக விழுந்தேன். இடது காதில் ஓங்கி அறைந்தது போல இருந்தது. மேலே வந்தபோது குளமே சாய்ந்து சுற்றியது; ஏணி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மேடம்தான் குதித்து என்னைக் கரை சேர்த்தார்.

செவிப்பறை கிழிந்திருந்தது. தானாக மூடவில்லை, தில்லை நகர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதன்பின் தலைக்குக் குளிப்பதே பெரிய காரியமாகிவிட்டது. அம்மா என் காதில் பஞ்சு வைத்துக்கொண்டே, "போதும்டி. காது கேக்காமயே போயிட்டா என்ன பண்ணுவ?" என்றாள். நான் பேசாமலிருந்தேன். கேட்கவில்லையோ என்று பயந்து மறுபடியும் உரக்கச் சொன்னாள். பிறகு அவளே அழுதுவிட்டாள்.

அடுத்த முறை அம்மாவோடு டாக்டரைப் பார்க்கப் போனபோது மேடமும் வந்தார். கையில் வாட்டர் போலோ தொப்பி. அதில் இரண்டு காதுக்கும் பிளாஸ்டிக் மூடி உண்டு.

"இதப் போட்டுக்கிட்டு விளையாடலாமா, டாக்டர்?"

டாக்டர் திருப்பிப் பார்த்தார். "இதுல ஓட்ட இருக்கே. தண்ணி உள்ள போகுமே."

"அடி படாம இருக்கத்தாங்க இந்த மூடி. தண்ணிக்குத் தனியா அடைப்பான் வச்சுக்கலாம்."

"முழுசா ஆறட்டும், அப்புறம் விளையாடலாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "டைவிங் மட்டும் இனிமே கிடையாதும்மா."

பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும் என்று மேடம் என்னைக் கோல்கீப்பராக்கினார். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் எனக்குச் சரியாகக் கேட்காது. அதனால் தோழிகள் கையைத் தூக்கிக் காட்டப் பழகினார்கள். முதல் போட்டியில் பந்து வந்தபோதெல்லாம் கண்ணை மூடினேன், படுதோல்வி. மெல்ல மெல்லக் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கற்றேன். பின்னால் மாநில அணிக்கும் கோல் காத்தேன்.

இப்போது ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோழிகளோடு விளையாடப் போகிறேன். எதிரே உயரப் பலகையில் ஒரு பெண் ஏறினால், அவள் குதித்துத் தலை மேலே தெரியும்வரை என்னால் வேறெதையும் பார்க்க முடிவதில்லை. அதற்குள் பந்து எனக்குப் பின்னால் வலைக்குள் மிதந்துகொண்டிருக்கும்.