பன்னிரண்டு பிரக்கெட்டும் முப்பத்தேழாம் நம்பர் முத்திரையும்

பிரதாபன் அண்ணைக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஒலியை முந்திப் பறக்கும் விமானம் ஒன்றில் தன்னுடைய முத்திரை குத்திய சாமான் ஒன்று இருக்க வேண்டும். இதைக் கேட்டு நான் பலமுறை சிரித்திருக்கிறேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மில்லிக்கனில், சாப்பாட்டுக் கடைக்கும் ரயர் கடைக்கும் பின்னால் இருக்கிற எங்கள் பட்டறையில் இருந்துகொண்டு ஆசைப்படுகிற ஆசையா இது?

திருகோணமலையில் பிறந்த அண்ணை பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். பிறிஸ்டல் பக்கம் ஒரு பட்டறையில், ஒலியை முந்திப் பறந்த கொன்கோர்ட் விமானத்துக்கு உதிரிப்பாகம் செய்தார். இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து கட்டிய விமானம் அது. ஒரு பக்கம் அங்குலம், மற்றப் பக்கம் மில்லிமீற்றர், ஆளுக்காள் முறைத்துக்கொண்டேதான் கட்டி முடித்தார்கள் என்பார். அண்ணை அராவியதை றொனால்ட் என்ற வெள்ளைக்காரர் பரிசோதித்துத் தன் முத்திரையைக் குத்துவார். அங்கே அண்ணைக்கு முத்திரை இல்லை. 2003இல் கொன்கோர்ட்டை நிறுத்தினார்கள். முழு விமானமாய்க் கட்டிப் பறக்கவிட்ட நாடு, மற்றவர்களின் விமானங்களுக்கு இறக்கையும் எஞ்சினும் செய்து கொடுக்கிற நாடாகிவிட்டது. அண்ணையின் வேலையும் போயிற்று. அடுத்த வருடம் ரொறன்ரோவுக்கு வந்தார்.

வந்த முதல் கிழமையே பிழை. ஒரு சாமானின் வலப்பக்கத் தோற்றத்தை இங்கே வரைபடத்தின் வலது புறத்தில் கீறுவார்கள். இங்கிலாந்தில் இடது புறத்தில். எந்த முறை என்று சொல்ல மூலையில் ஒரு சின்னக் குறி இருக்கும். அண்ணை குறியைக் கவனிக்காமல் பழக்கதோஷத்தில் செய்த சாமான், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி வந்தது. அவமானம் தாங்காமல், அரமும் அளவுகோலும் வைக்கிற தன் ஆயுதப் பெட்டி மூடியின் உட்புறத்தில் 'இது கனடா' என்று தமிழில் எழுதி ஒட்டினார். தினமும் வேலை தொடங்குமுன் சாமி கும்பிடுகிற மாதிரி அதைப் பார்ப்பார். பிறகு பரிசோதகரானார். முப்பத்தேழாம் நம்பர் முத்திரை அவருக்குக் கிடைத்தது.

போன வருடம், மூன்று நாடுகள் சேர்ந்து செய்கிற ஒலியை முந்தும் புதிய விமானத்தின் சோதனை மாதிரிக்குப் பன்னிரண்டு பிரக்கெட், அதாவது பாகங்களைப் பிடித்து நிறுத்தும் தாங்கி, கேட்டு எங்களுக்கு ஓடர் வந்தது. வரைபடம் வந்தது பிறிஸ்டலில் உள்ள அதே பழைய பட்டறையிலிருந்து. எழுபதை எட்டிய றொனால்ட் இன்னும் அங்கேதான் இருந்தார். ஆள் பற்றாமல் இப்போது படமும் அவரே கீறுகிறாராம். அண்ணை அன்றைக்கு எல்லாருக்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற அவருக்கு நான்கு மாதம் இருந்தது.

மெஷினில் வெட்டியது நான். படத்தை வாசித்துச் சொன்னது அண்ணை. காலையில் வழக்கம்போலப் பெட்டி மூடியைப் பார்த்துவிட்டு, கனடா முறைப்படியே வாசித்தார். பன்னிரண்டிலும் ஆசையாக முத்திரை குத்தி அனுப்பினார். பிறிஸ்டலில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லாம் இடம் வலம் மாறியிருந்தன.

படத்தை மறுபடி விரித்துப் பார்த்தோம். மூலையில் குறியே இல்லை. எங்கள் முதலாளி சண்முகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விமானம் கட்டுகிற நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இரண்டு பக்கத்திடமும் விளக்கம் கேட்டிருந்தது. பிழை படத்தில் என்றால் பிறிஸ்டல் பட்டறைக்கு இனி வேலை இல்லை. பிழை பரிசோதகரில் என்றால் அவருடைய முத்திரை பறிபோகும்.

"அண்ணை, குறி போடாதது அவங்கட பிழை. உள்ளதை அப்பிடியே எழுதுங்கோ," என்றார் சண்முகநாதன்.

"அங்கை இப்ப பத்தொன்பது பேர்தான் மிச்சம்," என்றார் அண்ணை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே? உங்களை வேலையாலை அனுப்பேக்கை அவங்கள் ஆரும் எண்ணிப் பாத்தவங்களே?"

"குறி இல்லாட்டிக் கேக்க வேணும், கௌசி. நான் கேக்கேல்லை. வேறை ஆரும் எண்டால் பரவாயில்லை. இங்கிலாந்துப் படம் எப்பிடி இருக்கும் எண்டு இந்தப் பட்டறையிலை தெரிஞ்சவன் நான் ஒராள்தானே."

இரண்டே வரி எழுதினார். கேட்டிருக்க வேண்டியது நான், கேட்கவில்லை. முத்திரையைத் துடைத்து சண்முகநாதனின் மேசையில் வைத்தார்.

அடுத்த கிழமை தலைமை அலுவலகம் குழம்பிப்போய்த் தொலைபேசி எடுத்தது. றொனால்டும் எழுதியிருந்தாராம்: குறி போட மறந்தது நான், ரொறன்ரோக்காரரில் பிழை இல்லை என்று. இரண்டு நாடுகள் தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பதை அவர்கள் முன்பு கண்டிருக்க மாட்டார்கள். பிறிஸ்டலை வெளியே தள்ளாமல், புதிதாகப் பன்னிரண்டு செய்து அனுப்பச் சொன்னார்கள். ஆனால் பிழையை ஒப்புக்கொண்டவரின் முத்திரையைத் திருப்பித் தர விதி இடம் கொடுக்கவில்லை.

இந்த முறை படத்தை வாசித்ததும் அண்ணைதான். முத்திரை மட்டும் மற்றப் பரிசோதகர் ஜஸ்ரினுடையது. பிறிஸ்டலில் நடந்த அதே கதை. பார்சல் கட்டும்போது எனக்கு அழுகை வந்தது.

"வடிவாச் சுத்தும், கௌசி. கீறு விழப்போகுது," என்றார்.

அவருடைய கடைசி நாளன்று றொனால்டிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. உடைத்து எறிந்திருக்க வேண்டிய பழைய பிரக்கெட்டுகளில் ஒன்று, றொனால்டின் மேசையில், கொன்கோர்ட்டின் பழைய துண்டு ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. முப்பத்தேழு துல்லியமாகத் தெரிந்தது.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

"பாத்தீரே, அதையும் தலைகீழா வைச்சிருக்கிறான்," என்றார்.