முட்டைப் பற்று

புற்றுநோயைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேற்று என் சுளுக்கிய காலுக்கு மருமகள் முட்டை வெள்ளையில் உளுத்தமாவைக் குழைத்துப் பற்றுப் போட்டாள். அந்தக் கவிச்சி வாடை என்னை அறுபதுகளின் செஞ்சிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. ராஜகிரிக் கோட்டைப் படியில் விழுந்ததால்தான் அவன் முட்டி வீங்கியது என்று நம்பி, அம்மா தினமும் பற்றுப் போட்டாள். வெள்ளைக் கரு அவன் முட்டிக்கு, மஞ்சள் கரு அவன் வாய்க்கு. எனக்கு ஓடு பொறுக்கும் வேலை. வயிறு எரிந்து நானும் நொண்டிப் பார்த்தேன். காலையில் ஒரு கால், சாயங்காலம் இன்னொரு கால் என்று நொண்டியதில் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

வீக்கம் வடியவே இல்லை. அண்ணனை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் பஸ் பயணமும் அவனுக்கே. நாங்கள் பார்க்கப் போன அன்று, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் டாக்டர் சொன்னார்:

“விழுந்ததால வந்தது இல்லைங்க. எலும்புப் புற்றுநோய்ல பல வகை இருக்கு. இது எலும்புலயே உண்டாகி, வளர்ற பசங்களுக்கு முட்டிகிட்ட வர்ற வகை. கால எடுத்தாதான் உசுரக் காப்பாத்தப் பாக்கலாம்.”

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டார். நானோ கட்டிலருகே இருந்த ரொட்டியையும் பாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, எனக்கும் முட்டி வலிக்குது. நானும் இங்கயே படுத்துக்கட்டுமா?”

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான்.

“நீ படு. நான் வூட்டுக்குப் போறேன்.”