எட்டே கால் அங்குலம்

1943 மார்ச்சில் விழுப்புரத்துக் கொல்லர் வீரமுத்துவுக்கு முப்பத்தொரு வயது. பெட்ரோல் கிடைக்காததால் ராஜாங்கம் தன் பழைய வாடகைக் காரின் பின்னால் கரியை எரித்து வண்டியை ஓட்டும் கரிவாயு உருளையைக் கட்டியிருந்தார். அந்தப் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, வண்டியின் வயிறு கல்லில் இடித்தது. வீரமுத்து பின்சக்கரங்களைத் தாங்கும் வில்லில் இரண்டு இரும்புப் பட்டைகள் சேர்த்து வண்டியை உயர்த்தினார். ஆனால் உருளையில் கரி இல்லாதபோதே உயரத்தை அளந்துவிட்டார். கரி நிரப்பியதும் வண்டி மறுபடி தாழ்ந்து, விக்கிரவாண்டி வழியில் புகைக்குழாய் கல்லில் இடித்துப் பிய்ந்து விழுந்தது.

ராஜாங்கம் அவரைச் சந்தையில் வைத்துச் செருப்பால் அடித்தார். வீரமுத்து மூன்றாவது பட்டையைச் சேர்த்து, கரி நிரப்பி, ஆறு பேரை ஏற்றி அளந்தார். தரைக்கும் வண்டிக்கும் எட்டே கால் அங்குலம் இருந்தது.

"உன் அளவுல தானேடா என் குழாய் போச்சு? கீழ படு, உம்மேல ஓட்டிக்கினு போறேன்."

"ஓட்டுங்க மொதலாளி. இடிக்கலன்னா?"

"இடிக்கலன்னா என்னை அடிச்சுக்கோடா, கொல்லாசாரி!"

வீரமுத்து சாலை நடுவே மல்லாந்து படுத்தார். அவருக்கு இருபுறமும் சக்கரங்கள் உருள, கார் அவரைக் கடந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. தோலில் கீறல் இல்லை. எழுந்தவர் ராஜாங்கத்தை வெளியே இழுத்துப்போட்டு, முகத்தில் குத்தினார். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன.

அதன்பின் ராஜாங்கம் அந்தக் காரை வேறெந்தக் கொல்லரிடமும் விட்டதில்லை.